முப்பத்தைந்து புள்ளி இரண்டு ஏழு

லிஃப்ட்காரருக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாது. வியாதி வந்திருக்கிறதா என்பதே தெரியாது. ஆனால் அது எத்தனை சதவீதம் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்து மூன்று வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஊரில் பாதிப் பேர் மாடிக்குப் போய் முழுசாகத் திரும்பி வருவது அவர் புண்ணியத்தில்தான். அதிகம் பேசமாட்டார். சத்தம் வந்தால் லிஃப்டை நிறுத்துவார், மேலே ஏறுவார், மூடியைக் கழற்றிப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். இதனாலேயே வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சண்டை உண்டு. "சமையல் எப்படின்னு கேட்டா தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் பதில் சொல்வீங்களா?" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர் வரத் தாமதமாக ஆரம்பித்தது. மனைவி கழிவறைக் கதவைத் தட்டி, "என்னங்க, உள்ளயே குடி போயிட்டீங்களா?" என்று கேட்கும் அளவுக்குத் தாமதம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனையில் நாலுக்குள் இருக்கவேண்டிய எண் ஆறு புள்ளி எட்டு என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். ஊசி வைத்துச் சதை எடுப்பது அவர் வேலை என்பதால் எல்லோரும் அவரை ஊசி டாக்டர் என்பார்கள். "பயாப்ஸின்னா பயந்துடாதீங்க. பன்னெண்டு சின்னத் துணுக்கு எடுப்போம். புற்றுநோய் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்றார். எந்த வழியாக எடுப்பார்கள் என்பதை லிஃப்ட்காரர் மனைவியிடமே சொல்லவில்லை, நாமும் விட்டுவிடலாம். ஒருக்களித்துப் படுத்தபடி பன்னிரண்டு தடவை 'டக்', 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டார். மானம் போனாலும், அந்த ஊசிக்குள் இருக்கும் ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தாளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: தெளிவில்லை.

"தெளிவில்லைன்னா என்ன டாக்டர்?"

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அப்ப இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடலாமே."

டாக்டர் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எடுக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனா ஆறாவது மாடில முன்கணிப்பு மையம்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு வியாதி இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு அவங்க கணக்குப் போட்டுச் சொல்லுவாங்க. நாப்பது சதவீதத்துக்கு மேல வந்தாத்தான் நான் மறுபடி ஊசியத் தொடலாம். அதுக்குக் கீழ தொட்டா ஏன் தொட்டேன்னு கேப்பாங்க."

"தொடாம விட்டா?"

டாக்டர் நேர்மையாக யோசித்தார். "தொடாம விட்டதுக்கு இதுவரைக்கும் யாரையும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

ஆறாவது மாடி பளபளவென்று இருந்தது. கூடத்தில் மூன்று நிற நாற்காலிகள். முப்பதுக்குக் கீழே வந்தவர்கள் பச்சையில் உட்கார்ந்து, வாழ்த்து அட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாற்பதுக்கு மேலே வந்தவர்கள் சிவப்பில் உட்கார்ந்து ஊசிக்குப் போகலாம். நடுவில் மாட்டியவர்கள் மஞ்சளில் உட்கார்ந்திருக்க வேண்டும். பச்சையிலும் சிவப்பிலும் ஆளே இல்லை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மஞ்சளில் மட்டும் உட்கார இடமில்லாமல் நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி இருநூற்றுப் பதினாலு கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்தார். வயது, எடை, ரத்தத்தில் வந்த எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. எண்பத்தாறாவது கேள்வியில் லிஃப்ட்காரரின் பேனா நின்றது.

"அம்மா, அப்பாவுக்கு இந்த வியாதி இருந்துச்சான்னு கேட்டிருக்கு. எங்கப்பா நாப்பது வயசுல லாரி மோதிப் போயிட்டாருங்க."

"அடுத்த பத்தியைப் பாருங்க. 'வாழ்ந்திருந்தால்'னு இருக்கும்."

"வாழ்ந்திருந்தா வந்திருக்குமான்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேணாம். அவருக்கும் ஒரு நம்பர் போட்டுக்குவோம்."

அரைமணி நேரத்தில் அவரது அப்பாவுக்கு இருபத்திரண்டு சதவீதம் வந்தது. செத்து நாற்பத்தைந்து வருடமான மனிதருக்கு இருபத்திரண்டு என்றால் பரவாயில்லை என்றுதான் லிஃப்ட்காரருக்கும் தோன்றியது. அடுத்து அவருடைய எண் திரையில் வந்தது. முப்பத்தைந்து.

"மஞ்சள்" என்றார் கவுன்ட்டர் பெண்மணி. "மூணு மாசம் கழிச்சு வாங்க."

பக்கத்து நாற்காலியில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கொஞ்சம் நகர்ந்து வந்தவருக்கு இடம் கொடுத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். கூடத்தில் அவருக்கு சீனியர் என்று பெயர். நாலு வருடமாக மஞ்சளில் இருக்கிறார்.

"எவ்வளவு?" என்றார் சீனியர்.

"முப்பத்தஞ்சு."

"நல்ல நம்பர். நான் முப்பத்தாறுல ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு தடவ முப்பத்தொன்பது வரைக்கும் போச்சு, தெரியுமா? எல்லாரும் கை குடுத்தாங்க. அப்புறம் இறங்கிடுச்சு." நழுவிப்போன பதவி உயர்வைச் சொல்வதுபோல் சொன்னார். "ஜன்னலோர நாற்காலி வேணும்னா ஒன்பது மணிக்கு முன்னாடி வந்துடுங்க."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். "இருக்கா, இல்லையா?"

"முப்பத்தஞ்சு சதவீதம்."

"முப்பத்தஞ்சு எங்க? கால் பக்கமா, தலைப் பக்கமா?"

அவர் தனக்குப் புரிந்த வரையில் விளக்கினார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்கலாம், மீதிக்கு இல்லாமலும் இருக்கலாம், இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் சும்மாவும் இருக்கக்கூடாது. மனைவி கையில் இருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, முப்பத்தஞ்சுன்னா நான் எவ்வளவு அழணும்? இருக்குன்னா உக்காந்து அழுது தீத்துடுவேன். இல்லைன்னா சிரிச்சுட்டு வேலையப் பாப்பேன். இதுக்கு என்ன பண்றது, சொல்லுங்க."

லிஃப்ட்காரருக்குப் பயமாக இருந்தது. சாவதற்குப் பயம் என்று அவர் நினைக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று தெரியாமல், இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் காப்பி குடிக்கவேண்டியிருப்பதுதான் பயமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ரத்த எண் ஏழு புள்ளி ஒன்பது. ஏறியிருக்கிறதே, நாற்பதைத் தொட்டுவிடும் என்று ஆசையாகப் போனார். ஆசைப்பட வேண்டிய விஷயமா இது என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டும் போனார். திரையில் மறுபடி முப்பத்தைந்து.

"எப்படிம்மா? ரத்தத்துல ஏறியிருக்கே!"

"அது ஏறிச்சு. அதுக்கு ரெண்டு பாயின்ட் கூட்டியிருக்கோம். ஆனா மூணு மாசமா உங்களுக்குப் புற்றுநோய்னு யாரும் கண்டுபிடிக்கலையே, அதுக்கு ரெண்டு பாயின்ட் குறைச்சிருக்கோம்."

"யாரும் தேடலையேம்மா!"

"தேடலைங்கறதுக்குத் தனியா கேள்வி இல்ல சார். கண்டுபிடிக்கலைங்கறதுக்குத்தான் இருக்கு."

ஆறாவது மாதத்தில் மையத்தில் விழா நடந்தது. பெயர், தசமப் புள்ளி அறிமுக விழா. மஞ்சள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மஞ்சள்காரர்களையே பார்வையாளர்களாக உட்காரவைத்தார்கள். மைய இயக்குநர் ரிப்பன் வெட்டினார். வழவழவென்று சவரம் செய்த முகம், தேன் ஒழுகும் குரல். அவர் பேசப் பேச, நமக்கு வியாதி இருந்தாலே தேவலை என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும்.

"அன்பர்களே! ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தர்கிட்ட முப்பத்தஞ்சுன்னு சொன்னோம். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு கரடுமுரடான நம்பர்! இன்னிலேருந்து முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு ஏழுன்னு சொல்லப்போறோம். உண்மைக்கு எவ்வளவு பக்கத்துல வந்துட்டீங்க பாத்தீங்களா! எங்க முன்கணிப்பு தப்பாப் போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட நிரூபிச்சதில்ல. ஏன்னா தப்பாப் போகணும்னா முதல்ல ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருக்கணும். நாங்க அவசரப்பட்டு எதையும் சொல்றதில்ல. வந்தாலும் எங்க கணக்கு சரி, வராட்டியும் எங்க கணக்கு சரி. உலகத்துல எத்தனை துறைக்கு இந்தப் பெருமை உண்டு?"

கை தட்டினார்கள். சீனியர் எழுந்து நின்று தட்டினார். அவருக்கு இரண்டு தசமம் சேர்த்து முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் நாலு வந்திருந்தது.

ஒன்பதாவது மாதம் ரத்த எண் ஒன்பதைத் தாண்டியது. திரை அசையவில்லை. லிஃப்ட்காரர் ஊசி டாக்டரிடம் போய்க் கெஞ்சினார். டாக்டர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், "இன்னும் அஞ்சுதானே, வந்துடும்" என்றார்.

பதினோராவது மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தே அவருக்கு அழைப்பு வந்தது. நோயாளியாக அல்ல, லிஃப்ட்காரராக. முன்கணிப்பு மையத்துக்கு ஏதோ ஒரு விருது. வியாழக்கிழமை விருதுக் குழுத் தலைவர் நேரில் வந்து, ஆறாவது மாடிக்கு ஏறி, கொடுப்பார். தலைவருக்கு எடையும் அதிகம், முழங்காலும் சரியில்லை. லிஃப்டுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சான்று தீர்ந்துபோயிருந்தது. வந்து பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கே பையோடு போய்விட்டார். எந்தக் கட்டடமாக இருந்தாலும் முதலில் எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். ஆறு முதல் தரைத்தளம் வரை எல்லாம் எரிந்தன. அதற்கும் கீழே ஒரு பொத்தானின்மேல் தடித்த டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தது. உரித்தார், பலகையைக் கழற்றினார். கம்பி அறுந்திருக்கவில்லை, ஒழுங்காகக் கழற்றி நுனியைச் சுருட்டிவைத்திருந்தார்கள். மாட்டினார். பொத்தான் எரிந்தது. கீழே போய்ப் பார்க்காமல் எப்படிச் சான்று எழுதுவது? அழுத்தினார்.

கதவு திறந்தபோது எதிரே ஓர் இரும்பு அலமாரியின் முதுகு நின்றது. அவர் தட்டினார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் திடுக்கிட்டது. "யாரது?"

"லிஃப்டுங்க."

"எட்டு வருஷமாச்சே!" என்றது குரல். அவர் உள்ளிருந்து தள்ள, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுக்க, அலமாரி கிரீச்சென்று நகர்ந்தது. வெள்ளைக் கோட்டு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் பாதி கடித்த பிஸ்கட்டுடன் ஒரு டாக்டரம்மா நின்றிருந்தார். பின்னால் நுண்ணோக்கிகள். இதுதான் பரிசோதனைக்கூடம். மேலே எடுக்கும் துணுக்குகளையெல்லாம் உண்மையில் கண்ணால் பார்க்கிற ஒரே இடம்.

"மேல மையம் வந்தப்ப, எங்க ரிப்போர்ட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினாப் போதும்னு சொல்லிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "யாரும் வரப்போறதில்ல, அதனால லிஃப்டும் வேணாம்னு நிறுத்திட்டாங்க. நாங்க பின்னாடி சரிவுப் பாதை வழியா வந்து போறோம். ஆமா, நீங்க எந்த மாடிக்குப் போகணும்?"

லிஃப்ட்காரருக்கு என்ன தோன்றியதோ, பையின் பக்க அறையிலிருந்து தன் நோயாளி அட்டையை எடுத்து நீட்டினார். "அம்மா, இந்த நம்பரை எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

டாக்டரம்மா அலமாரியைத் திறந்தார். அதில் மூலத் தாள்கள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றை உருவினார். முன்பக்கம் அவருக்கு மனப்பாடமான அதே சொல்: தெளிவில்லை. டாக்டரம்மா தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கையெழுத்து.

"மூணாவது துணுக்கில் சந்தேகத்துக்குரிய செல்கள். துணுக்கு சிறியது, போதவில்லை. ஆறு வாரத்துக்குள் மறுபடி எடுத்து அனுப்பவும்." கடைசி வரியின் கீழ் சிவப்பு மையால் மூன்று கோடு.

லிஃப்ட்காரர் இரண்டு முறை படித்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க ஏன் இன்னும் வரலைன்னு நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார் டாக்டரம்மா. "முன்பக்கத்துல ஒரே ஒரு சின்னக் கட்டம்தான் குடுத்திருக்காங்க. அதுல எவ்வளவு எழுத முடியும்? அதான் பின்னாடி எழுதுவேன்."

"மேல ஸ்கேன் பண்றவங்க..."

"முன்பக்கம் மட்டும்தான் பண்றாங்களா?" டாக்டரம்மாவின் பிஸ்கட் கை அப்படியே நின்றது. "நாலு லெட்டர் போட்டேனே! மரியாதையா, வணக்கம், நலம், மையத்தின் சேவை மகத்தானதுன்னு ஆரம்பிச்சு, விஷயத்தை..." அவர் நிறுத்தினார். "விஷயத்தைப் பின்பக்கம் எழுதியிருந்தேன்."

மேலே லெட்டர்களையும் ஸ்கேன்தான் செய்திருந்தார்கள். அந்த நாலு முன்பக்கங்களும் சட்டம் போட்டு, 'பாராட்டுக் கடிதங்கள்' என்ற தலைப்பில் கூடத்துச் சுவரில் தொங்கியதை லிஃப்ட்காரர் பதினோரு மாதமாகப் பார்த்திருக்கிறார்.

தாளை எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனார். இயக்குநர் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார், தாளை அழகாக மடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்க மாடல்ல இல்லையே."

"சார், மறுபடி எடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. பாத்தவங்களே எழுதியிருக்காங்க."

"அதுதான் பிரச்சினை. அவங்க பாத்துட்டாங்க. நாங்க பாக்காம சொல்றோம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது." இயக்குநர் அன்போடு அவர் தோளில் கை வைத்தார். "நல்லா யோசிங்க. மஞ்சள்ல நானூறு பேர் இருக்காங்க. எல்லாரையும் எடுத்துப் பாத்துட்டா, இருக்கறவங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சிடும், இல்லாதவங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சிடும். அப்புறம் நாங்க யாரை முன்கணிக்கறது? ஆமா, லிஃப்ட் ரெடியா? பதினோரு மணிக்குத் தலைவர் வந்துடுவார்."

வாக்குவாதம் லிஃப்ட்காரருக்கு வராது. மேலேறிப் போய் லிஃப்டின் மோட்டார் அறைக் கதவைத் திறந்தார். இரும்புக் கயிற்றின்மேல் செந்தூள் படிந்திருந்தது. இது வெறும் துருத்தூளாகவும் இருக்கலாம், கயிற்றின் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதாகவும் இருக்கலாம். துடைத்து, கயிற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். முப்பத்து மூன்று வருடத்தில் வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் உடனே பிரித்துப் பார்த்திருப்பார். அன்று மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, துடைக்காமல் இறங்கி வந்தார். சான்றுப் படிவத்தில் 'பாதுகாப்பானது', 'பாதுகாப்பற்றது' என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டிலும் எழுதாமல், நடுவில் தன் அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதி, கையொப்பமிட்டு, லிஃப்ட் கதவில் ஒட்டினார்.

பதினோரு மணிக்குத் தரைத்தளத்தில் கூட்டம் கூடியது. விருதுக் குழுத் தலைவர் மூச்சு வாங்கியபடி வந்தார். அவரை வரவேற்க இயக்குநர் படிவழியாக இறங்கி வந்திருந்தார். ஊசி டாக்டர், கவுன்ட்டர் பெண்மணி, மஞ்சள்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். இயக்குநர் கதவில் இருந்ததைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில்தான் என்ன படிக்கிறோம் என்று உணர்ந்தார்.

"தெளிவில்லை. அறுந்து விழ வாய்ப்பு முப்பத்தைந்து புள்ளி இரண்டு ஏழு சதவீதம்."

"என்னய்யா இது?" என்றார் இயக்குநர். தேன் குரல் எங்கேயோ போய்விட்டது. "விழுமா, விழாதா?"

"விழும்னும் சொல்ல முடியாது சார், விழாதுன்னும் சொல்ல முடியாது."

"அப்ப நாங்க எப்படி ஏறுறது?"

"கண்காணிப்புல வெச்சிருக்கேன் சார். மூணு மாசம் கழிச்சு மறுபடி நம்பர் போடுவோம். இதுவரைக்கும் விழலையே, அதுக்கு ரெண்டு பாயின்ட் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"மேல போய்த் திறந்து பாக்க வேண்டியதுதானே!"

"பாத்துட்டா தெரிஞ்சிடும் சார். அப்புறம் எதை முன்கணிக்கறது?"

சொல்லும்போது லிஃப்ட்காரரின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கிண்டலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி உண்டு. விருதுக் குழுத் தலைவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அவர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"என்ன விளையாட்டு இது! மனுஷன் உயிரு! சந்தேகம்னு தெரிஞ்சப்புறம் திறந்து பாக்காம நம்பர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பானா ஒருத்தன்? எந்த முட்டாள் பண்ற வேலை இது?"

முன்கணிப்பில் தலைசிறந்து விளங்கியதற்கான கேடயம் அவர் உதவியாளர் கையில் பளபளத்தது. கவுன்ட்டர் பெண்மணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. இயக்குநர் பலமாகத் தலையாட்டி, "அதானே!" என்றார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது ஊசி டாக்டருக்குத்தான். மெல்ல லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து, அவர் சட்டைப் பையில் தெரிந்த தாளை வாங்கிப் புரட்டினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இதுல டாக்டர் கையெழுத்து இருக்கு. இதைப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்னா என்னைத்தான் கேப்பாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க."

அதன் பிறகு லிஃப்ட்காரர் மேலே போய்க் கயிற்றைத் துடைத்து, பிரித்து, விளக்கடித்துப் பார்த்தார். வெறும் துருத்தூள்தான். கயிறு இன்னும் பத்து வருடம் தாங்கும். 'பாதுகாப்பானது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்குள் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார். கேடயத்தைத் தரைத்தளத்திலேயே, காலணி விடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பதினாலு 'டக்'. ஆறாவது நாள் லிஃப்டின் கீழ்ப் பொத்தான் எரிந்தது. டாக்டரம்மா எட்டு வருடத்தில் முதல் தடவையாக லிஃப்டில் ஏறி மேலே வந்தார், கையில் ஒரு தாள். மஞ்சள் கூடத்தில் லிஃப்ட்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா தாளை நீட்டவில்லை, வாயால் சொன்னார்.

"இருக்கு."

பிறகு சொன்னார், இரண்டு துணுக்கில் இருக்கிறது, சுரப்பியைத் தாண்டி வெளியே போனதாகத் தெரியவில்லை, ஸ்கேன் ஒன்று பார்த்துவிட்டு எடுத்துவிடலாம், பதினோரு மாதம் முன்னாலேயே எடுத்திருக்கலாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லிஃப்ட்காரருக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு கூடவே, இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல ஒரு மூச்சும் வந்தது. மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"சரி" என்றார். "இப்ப அழுதுக்கறேன்." அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், பதினோரு மாதத்துக்கும் சேர்த்து முழுசாக அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷன் என்னிக்கு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா போகும் முன் சீனியரிடமும் ஒரு தாளைக் கொடுத்தார். அவருடையதையும் அலமாரியில் தேடி எடுத்திருந்தார். பின்பக்கத்தில் நாலு வருடம் முந்தைய தேதியில் எழுதியிருந்தது: "துணுக்குக்கு வேறு சாயம் போட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பலாம்." சீனியர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "வீட்டுக்கா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு எழுந்து, தன் ஜன்னலோர நாற்காலியைச் சுவரோரம் நின்றிருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த மறுவாரம் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்களுக்குப் புற்றுநோய் இருக்க வாய்ப்புண்டு என்று நாங்கள் கணித்தது முற்றிலும் சரியாக இருந்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பிற்பாடு கவுன்ட்டர் பெண்மணி போனில் சொன்னார், 'இருக்காது என்று கணித்தது' என்று இன்னொரு கடிதமும் அன்றைக்கே தட்டச்சு செய்து தயாராக இருந்ததாம். லிஃப்ட்காரர் கடிதத்தை வழக்கப்படி திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார். ரத்த எண் கிட்டத்தட்ட பூஜ்யம். டாக்டரம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று லிஃப்டுக்குப் போனால், கதவருகே இயக்குநர் கோப்புகளோடு நின்றிருந்தார். அந்த வியாழக்கிழமையிலிருந்து அவர் ஆறு மாடியும் படியேறித்தான் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். கதவில் 'பாதுகாப்பானது' என்ற சான்று ஒட்டியிருந்தது. இயக்குநர் அதைப் பார்த்தார், லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"ஏறலாமா?"

"ஏறலாம் சார்."

இயக்குநர் ஒரு காலை உள்ளே வைத்தார், வெளியே எடுத்தார். நெற்றி வியர்த்தது. லிஃப்ட்காரருக்கு அந்த மனிதர்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது, பதினோரு மாதம் தான் எப்படி நின்றோமோ அப்படி நிற்கிறாரே என்று.

"நீங்க..." இயக்குநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

அதற்கு மேல் இயக்குநர் சதவீதம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து நின்றுகொண்டார்.